ஆளுநர் பெல்லிங்ஹாமின் கையுறைகள்: ஒரு திறந்த மடல்

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ரிச்சர்ட் பெல்லிங்ஹாம் அவர்களுக்கும் உடன் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன கனவான்களுக்கும்,

ஐயா, வணக்கம். கணவன் அல்லாத ஒருவருக்குப் பிள்ளை பெற்றாள் என்று நீங்கள் தண்டித்த ஹெஸ்டர் பிரின் வழக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் உங்கள் கையுறைகளிலிருந்து தொடங்குகிறேன்.

நத்தானியேல் ஹாதார்ன் 1850-இல் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலில், நீங்கள் செய்யச் சொன்ன கையுறைகளுக்குக் குஞ்சம் கட்டி, பூவேலை செய்து, மூன்று வயது மகள் பெர்லோடு உங்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறாள் அவள். பிள்ளையைத் தன்னிடமிருந்து பறித்துவிடாதீர்கள் என்று கெஞ்சவும்தான். உங்கள் கூடத்தில் இரும்புக் கவசம் ஒன்று பளபளவென்று இருக்கிறது. அதன் வளைந்த மார்புத் தகட்டில் தெரியும் அம்மாவைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள் பெர்ல். ‘அடல்ட்டரி’ (மணத்துக்கு வெளியே உறவு) என்ற சொல்லின் முதலெழுத்தாக நெஞ்சிலிருக்கும் சிவப்பு ‘ஏ’ பூதாகரமாகத் தெரிகிறது. ஆள் அதற்குப் பின்னால் மறைந்துபோயிருக்கிறாள்.

சரி, தீர்ப்புக்கு வருவோம். சட்டப்படி மரணம், நீங்கள் கருணை காட்டி மூன்று மணி நேரம் தண்டனை மேடை, ஆயுள் முழுக்க அந்த எழுத்து என்றீர்கள். மூன்று மாதக் கைக்குழந்தையோடு அவள் நிற்க, நீங்கள் மேலே மாடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். கீழே கூடிய பெண்கள் இன்னும் மோசம். நெற்றியில் சூடு போட்டிருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. பிள்ளையைக் கையில் பிடித்திருந்த ஒரு இளம்பெண்ணுக்குத்தான் மனசு இளகியது. தகப்பன் பேரைச் சொல்லும்படி ஹெஸ்டரிடம் கேட்க, பாதிரியார் டிம்ஸ்டேலையே எழுப்பிவிட்டீர்கள். அவர்தான் தகப்பன். (எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு வயிறு எரிகிறது.) அவள் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஊர் அவளுடைய ஊசியைத் தேடி வந்தது. உங்கள் கழுத்துப்பட்டை, பாதிரியாரின் பட்டி, குழந்தைக் குல்லாய், பிணத்துக்குப் போர்த்தும் துணி எல்லாம் அவள் கைவேலை. கல்யாணப் பெண்ணின் வெள்ளை முக்காட்டுக்கு மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. இது நாவலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. 1641-இல் ஆளுநராக இருக்கும்போதே, வேறொருவருக்கு ஏறக்குறைய நிச்சயமாகியிருந்த பெனலோப்பி பெல்ஹாமை மணந்துகொண்டீர்கள். முறைப்படி முன்னறிவிப்பு இல்லை. திருமணத்தை நடத்தி வைத்ததும் நீங்களே! பதில் சொல்ல அழைத்தபோது நீதிபதி இருக்கையை விட்டு இறங்க மறுத்தீர்கள். வழக்கு அப்படியே நின்றுபோனது.

ஏழு வருஷம் கழித்து அந்த எழுத்தை எடுத்துவிடலாமா என்று உங்கள் சபையில் பேசினார்கள். நீதிமான்கள் இஷ்டப்பட்டு எடுக்கக்கூடியது அல்ல இது என்று ஹெஸ்டர் சொல்லிவிட்டாள். அதனால் அவள் சார்பில் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. என் சார்பில் ஒன்று கேட்கிறேன்: அடுத்த வழக்குக்கு இருக்கையில் போய் உட்காரும்போது அந்தக் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி