பத்தமடைப் பாயில் பெயர் ஏறிவிட்டது

சேரன்மகாதேவி,
கார்த்திகை 22

அன்புள்ள வசந்தா,

நலம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடவில்லையென்று கோபித்துக்கொள்ளாதே. எழிலுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தை 12, இங்கேயே நம் ஊர் மண்டபத்தில். மாப்பிள்ளை வீடு நாங்குநேரிப் பக்கம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதைப் போனில் கேட்டால் நீ "பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஆவணியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கை கழுவும் இடத்தில் கூட்டமென்று எழில் மண்டபத்துப் பின்பக்கம் போனாள். போனவள் திரும்பி வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எச்சில் இலை மலைபோலக் கிடந்தது. மடக்கிய இலைகளுக்குள் தொடாத ஜாங்கிரி, அள்ளாத சாதம். அதோடு கலந்து தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்குத் தண்ணீர் மிச்சம். ஐஸ்கிரீம் கப், மேஜையில் விரித்த பிளாஸ்டிக் தாள். ஒரு பசு அந்தத் தாளையும் சேர்த்து இழுத்து மென்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இலை எடுக்க வந்த இரண்டு பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து, தூக்குவாளியில் வாங்கிய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பந்தியில் பாதி நாற்காலி காலி. "என் கல்யாணம் இப்படி நடக்கக் கூடாதும்மா" என்றாள் எழில். அன்றைக்கு அவளுக்கு வரன்கூட அமையவில்லை.

அந்தப் பேச்சை வைத்துத்தான் எல்லா ஏற்பாடும் நடக்கிறது. முதலில் தண்ணீர். 600 பேர், காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் சேர்த்தால் 1200 பாட்டில். பாட்டில் வைக்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்றார் பந்தி காண்டிராக்ட்காரர். நாங்கள் பாத்திர வாடகைக் கடையில் 300 எவர்சில்வர் டம்ளர் சொல்லிவிட்டோம். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அண்டாவில் இருக்கும். டம்ளர் கழுவ இரண்டு பேர் கூடுதலாக வேண்டும். பாட்டிலுக்குப் போகிற காசு அவர்கள் கூலியாகப் போகட்டுமே.

சமையலுக்கு வருகிற அண்ணாச்சி 26 வகை எழுதிக்கொண்டு வந்தார். 14-ல் நிறுத்தினோம். இனிப்பு ஒன்றே ஒன்று. அவியலை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மறுவீட்டுக்குத் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் உண்டு, பயப்படாதே. இலை களக்காட்டிலிருந்து வருகிறது. எடுத்த இலையெல்லாம் எங்கள் பக்கத்து வயல்காரர் உரக்குழிக்குப் போகிறது. பிளாஸ்டிக் கலக்காமல் இருந்தால் வண்டி கொண்டுவந்து தானே அள்ளிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மிஞ்சினதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாம் தின்றது போக மீதியா அவர்களுக்கு? அவர்களுக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்து, சூடாகப் போய்ச் சேருகிற மாதிரி வண்டி பேசியிருக்கிறோம். அப்புறம், இலை எடுப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், மேளக்காரர்கள் எல்லாரும் பந்தியில் நம்மோடு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். இதில் நான் யார் சொல்லியும் கேட்கப்போவதில்லை.

தாம்பூலப் பைக்குத்தான் நிறைய அலைந்தேன். ஒரு கடையில் துணிப் பை என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொட்டால் துணி மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஓரத்தில் ஒரு துண்டு கத்தரித்துத் தீக்குச்சி காட்டினேன். சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகக் கட்டிக்கொண்டது. பருத்தியென்றால் எரிந்து சாம்பலாக உதிரும். நான்-ஓவன் என்கிறார்களே, அது பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடைசெய்த பொருள்களில் அதுவும் ஒன்று. அப்படியும் கட்டுக்கட்டாக விற்கிறது. கடைசியில் வீரவநல்லூரில் தறித்துணி எடுத்து, எங்கள் தெரு மகளிர் குழுப் பெண்களிடம் மஞ்சப்பை தைக்கக் கொடுத்துவிட்டேன். நாம் காலேஜில் சேர்ந்த வருஷம் மஞ்சப்பையோடு விடுதிக்குப் போனதற்கு எத்தனை கேலி கேட்டோம், நினைவிருக்கிறதா? 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

மரக்கன்று கொடுக்கலாமே என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் வேண்டாமென்றேன். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கன்றை வாங்கி, பஸ்ஸில் போகிறவர் மண்டபத்துப் படியிலேயே வைத்துவிட்டுப் போனதை நான் இரண்டு கல்யாணத்தில் பார்த்துவிட்டேன். வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறவர் வீட்டுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

பிளெக்ஸ் கிடையாது. சென்னையில் நடுரோட்டில் கட்டியிருந்த கல்யாண பேனர் சரிந்து 2019-இல் ஓர் இளம்பெண் உயிர் போனதைக் கேட்ட பிறகும் எப்படிக் கட்ட மனசு வரும்? வாசலில் வாழைமரம், மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம் போதும். வெடியும் கிடையாது. இதற்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டேதான் போனேன். மாப்பிள்ளையின் தாய்மாமா, பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்துக்காரர். "எங்க ஊர்ல தீபாவளிக்கே வெடி போட மாட்டோம் மதினி. தை மாசம் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுற நேரம். வெடிச் சத்தம் எங்களுக்குக் கேட்டே பழக்கமில்ல" என்றார். நான் சொல்ல வந்ததை அவர் சொல்லிவிட்டார். செண்டை மேளமும் இல்லை. நம் பக்கத்து நாதஸ்வரமும் தவிலும்தான். அவர்கள் கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டோம்.

பையில் பெயர் இல்லை, பேனரில் பெயர் இல்லை. பிள்ளைகள் பெயர் ஒரே இடத்தில்தான் வருகிறது: பத்தமடைப் பாயில். போன வாரம் நானும் எழிலும் போய்ப் பார்த்தோம். தரையோடு தரையாகத் தறி. நெய்கிற அம்மாவுக்கு 60 வயதுக்கு மேலிருக்கும். ஆற்றில் ஊறவைத்துப் பொடியாகக் கிழித்த கோரை, தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நீளக் குச்சியில் ஒவ்வொன்றாகக் கோத்துப் பாவுக்குள் தள்ளி, அச்சை இழுத்து அடிக்கிறார். 'எ' சுலபமாக வந்துவிட்டது. 'ழி'யின் சுழி வளையவில்லையென்று இரண்டு முறை பிரித்தார். "பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்" என்று எழில் சொன்னாள். "நீ அறுபது வருஷம் படுக்கிற பாயும்மா" என்று சொல்லிவிட்டு மூன்றாவது முறையாக நெய்தார். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்தது.

ஏட்டி வசந்தா, இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். போன வருஷம் உன் அண்ணன் மகள் கல்யாணத்தில் எல்லாரும் மேடையேறி அட்சதை போட்டார்கள். நீ தூணோரமாக நின்றாய். அவளைத் தூக்கி வளர்த்தவள் நீ. நானும் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

எழில் கல்யாணத்தில் தாலித் தட்டை நீ எடுத்துச் சபையில் சுற்றி வர வேண்டும். எழிலுக்கு முதல் பூவும் நீதான் வைக்க வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-லேயே புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்திருக்கிறது. 1967-இல் அதற்குச் சட்டமும் நிறைவேறிவிட்டது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, ஐயர் வருகிறார். ஆனால் புருஷன் போன பெண் தாலித் தட்டைத் தொடக் கூடாது என்பதை மட்டும் என் வீட்டு வாசலுக்குள் விடமாட்டேன். சம்பந்தி வீட்டிலும் சொல்லிவிட்டேன், சரி என்றார்கள். என் அத்தையிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "எத்தனை பிள்ளைக்குக் கையைப் பிடிச்சு 'அ' எழுத வச்சிருக்கா. அந்தக் கை தட்டைத் தொட்டா என்ன?" என்றார்கள். 84 வயதில் அவர்களுக்கு வந்த தெம்பு உனக்கு வராதா?

தை 9-ஆம் தேதியே வந்துவிடு. தோரணம் பின்ன ஆள் பத்தாது. உன் அம்மா வீட்டு வெண்கலக் குத்துவிளக்கு ஜோடியையும் கொண்டு வா. புதிதாக வாங்குவதாக இல்லை. பாய் பத்து நாளில் கைக்கு வரும். சுருட்டியே வைத்திருக்கிறேன், நீ வந்து விரி.

அன்புடன்,
கோமதி