ஓ பிரிவுக்கும் சர்க்கரை வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், ‘ஓ பிரிவு இரத்தம் உள்ளவர்கள் சர்க்கரை நோயைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை’ என்று ஒரு வரி. எழுதியவர் யாராகவும் இருக்கட்டும், அதை அப்படியே அச்சேற்றியது நீங்கள்தானே?

என் அப்பா ஓ பாசிட்டிவ். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போய், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு நடந்து வருவார். புண் ஆறாமல் கடைசியில் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலுக்குக் கட்டு மாற்றியவள் நான்.

நீங்கள் ஆதாரம் காட்டிய பிரெஞ்சு ஆய்வு தங்களுக்குத் தெரியாததல்ல. 1990 முதல் 2008 வரை 82,104 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். அத்தனை பேரும் பெண்கள். ஓ பிரிவைவிட ஏ பிரிவுக்கு 10 சதவீதமும் பி பிரிவுக்கு 21 சதவீதமும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். ஆனால் அத்தனை ஆண்டுகளில் சர்க்கரை வந்தவர்களே 3,553 பேர்தான். அதாவது ஓ பிரிவில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு வருவது, பி பிரிவில் சுமார் 5 பேருக்கு வருகிறது. அந்த 4 பேரை நீங்கள் எப்படி மறந்தீர்கள்? இந்த வித்தியாசம் ஏன் என்பதும் இன்னும் உறுதியாகவில்லை. இரத்த உறைவுப் புரதம், குடல் நுண்ணுயிர் என்று ஊகங்கள்தான்.

இது உங்களிடம் முதல் தடவையும் அல்ல. மூன்றே மாதத்தில் மாத்திரையை நிறுத்தலாம் என்று ஒருவர் எழுதியபோது முழுப் பக்கம் கொடுத்தீர்கள். மறுத்து நான் எழுதிய கடிதத்துக்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. மருத்துவர் பொறுமையாகப் பதில் சொல்லிவந்த கேள்வி பதில் பகுதியையும் விளம்பரத்துக்காக நிறுத்திவிட்டீர்கள். அதைப் படித்துத்தான் என் அக்கா முதன்முதலாகப் பரிசோதனைக்கே போனாள்.

2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்கள் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்று இலக்கு வைத்து முயன்றதில், நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. யாராலும் மாற்ற முடியாத இரத்தப் பிரிவுக்கு இரண்டு பத்தி எழுதிய நீங்கள், கையில் இருக்கும் இந்த வழிக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

என் தம்பியும் ஓ பிரிவு. உங்கள் பக்கத்தைக் காட்டி, இந்த வருடம் பரிசோதனை வேண்டாம் என்கிறான்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடுங்கள்: எந்தப் பிரிவாக இருந்தாலும், குடும்பத்தில் சர்க்கரை இருந்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அவனிடம் காட்ட எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி