வாலிபர் ஐக்கிய சங்கம்: 2024–2025 ஆண்டறிக்கை

குருவானவர் ஐயா அவர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், சங்க அங்கத்தினர் அனைவருக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

விடுமுறை வேதாகமப் பள்ளி, கல்லறைத் தோட்டத் துப்புரவு, அசனப் பந்தி (சபை விருந்து) பரிமாறுதல், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின.

இவ்வாண்டின் பெரிய வேலை ஆராதனைப் பாடல்களைத் திரையில் கொண்டுவந்தது. பாட்டுப் புத்தகம் கொண்டுவருவது முன்வரிசைப் பெரியவர்கள் மட்டும் என்றாகிவிட்டது. கீர்த்தனை தொடங்கினால் பின்வரிசைப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. சபையிலுள்ள பழைய பதிப்பில் ணை, லை எல்லாம் தும்பிக்கைபோல் சுழித்த பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் படித்தவர்களுக்கு அது பழக்கமில்லை.

கைவசம் இருந்த கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றியபின் ஒருவர் வாசிக்க, ஒருவர் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துவது கட்டாயம். துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். பிறகு அந்தப் பாட்டைத் தேடினால் கிடைக்காது. 'மௌனம்' என்பதில் 'ள' நுழைந்திருந்தாலும் அதே தொல்லை.

ஒரு ஸ்லைடுக்கு நான்கு வரி, கறுப்பில் வெள்ளை எழுத்து. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி ஸ்லைடை மறுபடி வைக்க வேண்டும். வைக்காவிட்டால், இயக்குகிறவர் பின்னோக்கித் தேடுவதற்குள் சபை பல்லவியை முடித்துவிடும். கடைசி வரி பாதியில் இருக்கும்போதே அடுத்ததுக்கு மாற்ற வேண்டும். முடிந்தபின் மாற்றினால் பாட்டு தேங்கிவிடுகிறது. பீடம் கிழக்கே இருப்பதால் காலை வெயிலில் புரொஜெக்டர் வெளுத்துப்போனது. அதனால் பக்கத் தூண்களில் இரண்டு டிவி மாட்டினோம்.

முன்னோர் முறையை மாற்றுகிறோம் என்று சிலர் மனம் வருந்தினார்கள். ஒரு சொல்லையும் ஒரு ராகத்தையும் நாங்கள் தொடவில்லை. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியபோது, ஓலையில் வாசித்துப் பழகியவர்களுக்கு அச்சும் புதிதுதானே. மின்தடைக்கும் மூத்தோருக்கும் பெரிய எழுத்தில் அச்செடுத்த தாள்கள் வாசலருகே இருக்கின்றன.

ஸ்லைடு இயக்கும் வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆறு பேர், தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவருக்குப் பரீட்சை என்றால், ஞாயிறு காலை பாட்டு எண் அறிவித்த பிறகுதான் கணினியைத் திறக்கிற நிலை. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

வரவு செலவில் சிறிது பற்றாக்குறை. டிவி செலவே காரணம். கணக்குப் புத்தகத்தைப் பொருளாளரிடம் எவரும் பார்க்கலாம். மாதச் சந்தா 50 ரூபாய்தான். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற பல அங்கத்தினர்களின் சந்தா இரண்டு ஆண்டாக நிலுவை. அசனத்துக்கு ஊர் வருகிறீர்கள், நேரலையில் ஆராதனை பார்க்கிறீர்கள், சங்கம் உங்களுடையதும்தான்.

டிவி நன்கொடையாளர்களுக்கும், திருத்த உதவிய பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், கோவில்பிள்ளை அண்ணனுக்கும் நன்றி.

வரும் ஆண்டில், அரிதாகப் பாடப்படும் கீர்த்தனைகளின் ராகத்தை மூத்தோர் குரலில் பதிவுசெய்ய வேண்டும். பல்லவியும் ஒரு சரணமும் போதும். போனிலேயே எடுக்கலாம், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். சில பாடல்களுக்கு ராகம் தெரிந்தவர் சபையில் ஒருவர்தான் இருக்கிறார். இன்வெர்ட்டர் பேட்டரியும் மாற்ற வேண்டியிருக்கிறது. பொறுப்பில் தொடர எனக்கு மனமுண்டு. கூட நிற்க நான்கு பேரும், நிலுவைச் சந்தாவும் வந்தால் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குள் பதிவைத் தொடங்கிவிடலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்