கலருக்கு எதற்கு யூ: ரொறன்ரோ நண்பனுக்கு ஒரு பதில்

அன்புள்ள மச்சானுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே திருகோணமலையில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, கடல் குளம் போலக் கிடக்கிறது, உப்புவெளி, நிலாவெளிப் பக்கமெல்லாம் வெள்ளைக்காரர் கூட்டம். எனக்கும் கடையில் கை நிறைய வேலை, விடுதிக்காரர்களின் மெனு, அறிவித்தல், போதாததற்கு வெளிநாடு போகிற பெடியன்களின் சுயவிபரக்கோவை.

அது கிடக்கட்டும். "வெள்ளைக்காரன் போய் எவ்வளவு காலம், அவன் விட்டுப்போன யூவை இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறாய், ஆங்கிலத்தில் கலர் என்று எழுத எதற்கடா யூ எழுத்து, அமெரிக்கன் போடுவதில்லையே" என்று எழுதியிருந்தாயே, ரொறன்ரோவில் இருந்துகொண்டு இதைக் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் நாட்டில் 1890 இலேயே பிரதமர் மக்டொனால்டின் அரசாங்கம் அரச ஆவணங்களில் யூ போட்டுத்தான் எழுதவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. பத்திரிகைக்காரர்தான் அசையவில்லை, கனேடியன் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் 1998 இல்தான் யூவைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கார் ரயருக்கு மட்டும் அமெரிக்கன் மாதிரி ஐ போடுவீர்கள், எங்களைப் போல வை கிடையாது. வங்கிச் செக்குக்கு இங்கிலாந்துக்காரன் மாதிரி கியூ. இரண்டு பெரியம்மா வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிடுகிற பிள்ளை மாதிரி இருக்கிறது உங்கள் ஆங்கிலம், குறை சொல்லவில்லை, அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளும் பசி தெரியாது.

நான் யூவை விடாததற்குக் காரணம் பக்தி இல்லை, பரீட்சை. இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிப்பது பிரித்தானிய எழுத்து. கடையில் வாங்குகிற கொம்பியூட்டரோ பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்தபடியே வருகிறது, அதை மாற்றலாம் என்பது யாருக்கும் தெரியாது. பிள்ளை சென்ரர் என்ற சொல்லைப் புத்தகத்தில் உள்ளபடி ஆர், ஈ என்று முடிக்கும், கீழே சிவப்புக் கோடு விழும், வலது பக்கப் பொத்தானை அமத்தி ஈ, ஆர் என்று மாற்றிவிடும். ரீச்சர் பிழை போடுவார். போன கிழமை உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "அங்கிள், ரீச்சர் பிழை என்கிறா, கொம்பியூட்டர் சரி என்கிறது, யாரை நம்புறது" என்று கேட்டது. ரீச்சரை நம்பு என்றேன், புள்ளி போடுவது அவர்தானே.

ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லாத மிச்சக் கதையை உனக்குச் சொல்கிறேன். சிவப்புக் கோட்டுக்குச் சரி பிழை எதுவும் தெரியாது. அதனிடம் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாவிட்டால் கோடு போடும், அவ்வளவுதான். 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் மக்கில்ரோய், யுனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்குச் செய்த எழுத்துத்திருத்தி, 64 கிலோபைட்டுக்குமேல் இடமில்லாத இயந்திரத்தில் சுமார் 30,000 சொற்களை அடக்கி ஓடியது. பிரித்தானிய எழுத்து வேண்டுமானால் கட்டளையோடு ஒரு பி சேர்க்கவேண்டும். அதன் கையேட்டில், ஓகனைஸ் போல ஐஸ் என்று முடிகிற சொற்களுக்கு இது எஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும், ஒக்ஸ்போர்ட் அகராதி வேறு சொன்னாலும் சரி என்ற கருத்தில் எழுதிவைத்திருந்தார்கள். சிரித்துவிட்டேன். ஏனென்றால் ஒக்ஸ்போர்ட்காரர் உண்மையிலேயே இசட் கட்சி, அந்த விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது, அங்கே இசட்தான் என்பது அவர்கள் நியாயம். எங்கள் கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் ஓகனைஸில் இசட் கண்டால் "அமெரிக்கன் குப்பை" என்று சிவப்புப் பேனாவால் வெட்டுவார். ஒக்ஸ்போர்ட் அகராதியைத் திறந்து காட்டினேன். ஒக்ஸ்போர்ட்டும் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அமெரிக்கன் யூவை வெட்டிவிட்டான் என்கிறோமே, அதுவும் முழு உண்மை இல்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே இரண்டு விதமாகவும் எழுதினார்கள். 1755 இல் சாமுவேல் ஜோன்சன் அகராதி போட்டபோது யூ உள்ளதை எடுத்துக்கொண்டார், அமெரிக்காவில் நோவா வெப்ஸ்ரர் 1806 இலும் பிறகு 1828 இன் பெரிய அகராதியிலும் யூ இல்லாததை எடுத்துக்கொண்டார். மியூசிக்கின் கடைசியில் ஜோன்சன் வைத்த கே எழுத்தை வெப்ஸ்ரர் வெட்டினார், அதைப் பிறகு இங்கிலாந்துக்காரனும் சத்தமில்லாமல் வெட்டிவிட்டான், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை பார். வெப்ஸ்ரர் சொன்ன எல்லாவற்றையும் அமெரிக்கர் ஏற்கவும் இல்லை. பெண்கள் என்ற சொல்லை விமென் என்று உச்சரிக்கிறபடியே எழுதுங்கள் என்றார், யாரும் கேட்கவில்லை. 1906 இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிமையாக்கி அரச அச்சகத்துக்கு உத்தரவு போட்டார், காங்கிரஸ் சண்டைக்கு வந்ததும் பின்வாங்கிவிட்டார்.

இரசாயனவியலில் மட்டும் இருபக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். 1990 இல் சர்வதேச இரசாயன அமைப்பு சல்ஃபருக்கு அமெரிக்க எஃப் எழுத்தை எடுத்துக்கொண்டது, அலுமினியத்துக்கு இங்கிலாந்துக்காரனின் கூடுதல் ஐ நிலைத்தது. நாம் கந்தகம் என்று படித்துத் தப்பிவிட்டோம்.

நீ நிரல் எழுதுகிறவன், உனக்குத் தெரியாததா, இணையப் பக்கத்துக் கட்டளையில் கலருக்கு யூ போட்டால் நிறமே வராது. ஆனால் சாம்பல் நிறத்துக்கு மட்டும் ஏ போட்டாலும் ஈ போட்டாலும் ஏற்றுக்கொள்கிறது. என்ன நியாயமோ.

இதில் எனக்கு உண்மையாகவே பயம் தருவது 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தான். ஒரு விடுதிக்காரர் திருகோணமலைத் துறைமுக வரலாற்றை இரண்டு பக்கத்தில் கேட்டார், கடைப் பெடியன் எழுத்தெல்லாம் பிரித்தானியமாகட்டும் என்று ஒரே அமத்தாக அமத்திவிட்டான். 1942 ஏப்ரல் 9 இங்கே குண்டு போட்டதும், 1941 டிசெம்பரில் அமெரிக்காவின் பேர்ள் ஹாபரில் போட்டதும் அதே ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிப் படைதான், அதனால் இரண்டும் ஒரே பந்தியில் வந்தன. எங்கள் ஹாபருக்கு யூ உண்டு, அவர்களுடையதற்கு இல்லை. அது பெயர், இங்கிலாந்துக்காரனே அதை யூ இல்லாமல்தான் எழுதுகிறான், அவுஸ்திரேலியாவில் உழைப்பைக் குறிக்கிற லேபருக்கு யூ போடுகிறவர்கள் லேபர் கட்சிக்குப் போடாத மாதிரி. பெடியன் அமத்திய அமத்தில் பேர்ள் ஹாபருக்கும் யூ வந்துவிட்டது. அச்சுக்குப் போகமுதல் கண்டதால் தப்பினோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்திருக்கிறது. பழைய திருத்திகளின் பட்டியலில் ஒத்துழைப்பு என்ற ஆங்கிலச் சொல் நடுவில் சிறுகோட்டோடு மட்டும் இருந்ததாம், கோடில்லாமல் எழுதினால் அது அப்பிள் கம்பனி இருக்கிற குப்பர்டினோ என்ற ஊர்ப் பெயரை நீட்டும், மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்காமல் விட்ட ஆவணங்களில் நாடுகளுக்கிடையே ஒத்துழைப்புக்குப் பதில் குப்பர்டினோ நிலவியது.

நம் தமிழை நினைத்தால் இன்னும் வேடிக்கை. ஊர்ப் பெயரையே ஒருவர் திருகோணமலை என்கிறார், அடுத்தவர் க் போட்டுத் திருக்கோணமலை என்கிறார், இரண்டும் பலகைகளில் நிற்கின்றன. நீ ரொறன்ரோ என்கிறாய், சென்னைக்காரர் டொராண்டோ என்பார். தமிழ்நாட்டுப் பட்டியலை வைத்துச் செய்த திருத்திக்கு உன் ஊர் பிழையாகத்தான் தெரியும், அதற்காக நீ வீடு மாறப்போகிறாயா? தமிழுக்கு நீச்சல்காரன் என்பவர் செய்த வாணி என்ற திருத்தி இருக்கிறது, பாவித்துப் பார். ஒரு வினைச்சொல்லே எத்தனையோ வடிவம் எடுக்கிற மொழியில் வெறும் பட்டியல் காணாது, சொல்லைப் பிரித்துப் பார்க்கிற வேலையும் செய்யவேண்டும், ஆங்கிலக்காரனுக்கு அந்தத் தலையிடி குறைவு.

சரி, உன் மகளின் விண்ணப்பக் கடிதத்தை அனுப்பு. அதற்கு முன் வேர்டில் ரிவியூ என்ற இடத்தில் மொழியைக் கனடா ஆங்கிலத்துக்கு மாற்றி, அதையே நிரந்தரமாக வைக்கச் சொல். ஒரு கடிதத்துக்குள் இரண்டு நாட்டு எழுத்தும் கலந்திருந்தால்தான் வாசிக்கிறவர் முகம் சுழிப்பார், எந்த நாடு என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஓகஸ்டில் வருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, நிலாவெளியில் அறை கிடைப்பது பெரும் பாடு. அம்மாவுக்கு அந்த முழங்கால் தைலம் மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் மச்சான்