வாய்க்கால் நீரும் கிணற்று நீரும்: நண்பருக்கு ஒரு கடிதம்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கு நாங்கள் சுகம். மாரி பிந்தித் தொடங்கினாலும் கிணறு நிறைந்துவிட்டது. நகரத்துக் குளங்களுக்கும் வெள்ளவாய்க்கால்களுக்கும் எங்கள் குழு எடுத்திருக்கும் முயற்சியைக் கேள்விப்பட்டு, ஊரில் இத்தனை பொறியியலாளர்கள் இருக்க ஓர் ஆலோசகரைப் பணம் கொடுத்து அமர்த்துவது எதற்கு என்று கேட்டிருந்தீர். குழுவுக்குள்ளேயே இன்னும் தீராத கேள்வி அது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குளம் பச்சை பிடித்தால் மக்கள் முதலில் குப்பையைத்தான் குறை சொல்கிறார்கள். குப்பை கண்ணுக்குத் தெரிவது. அதை வாரி அள்ளிவிடலாம். குளத்தைப் பச்சையாக்கும் நைதரசனும் பொசுபரசும் நீரில் கரைந்து வருபவை. மலக்குழியின் கசிவு, சலவை நீர், சந்தையில் மீன் கழுவிய நீர், தோட்டத்து உரம், மாட்டுச்சாணம் எல்லாம் சேர்ந்து குளத்துக்குள் அல்காக்களுக்கு, அதாவது நுண்பாசிகளுக்கு, விருந்து வைக்கின்றன. அல்கா பெருகி, இறந்து, அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோக மீன் செத்து மிதக்கிறது. பள்ளிக்கூடத்தில் நற்போசணையாக்கம் என்று நாம் படித்தது இதைத்தான். ஆற்றுவாழையைப் பிடுங்கி எறிந்து, கரைக்குக் கல் பதித்து, நடைபாதைக்கு விளக்குப் போட்டாலும், உள்ளே வரும் போசணைகள் குறையாதவரை குளம் மறுபடியும் பச்சையாகத்தான் போகும். ஆரியகுளம் 2021இல் புனரமைக்கப்பட்ட பிறகு மற்றக் குளங்களையும் அவ்வாறு செய்ய வேண்டும் என்ற ஆசை ஊரில் வளர்ந்திருப்பது நல்ல விடயமே. அந்த ஆசை கரையோடு நின்றுவிடாமல் நீருக்குள்ளும் இறங்க வேண்டும் என்பதுதான் எனது அக்கறை.

உமது மாகாணத்திலேயே இதற்குப் பெரும் பாடம் உண்டு. ஒன்ராறியோவின் வடமேற்கில் 226ஆம் இலக்கப் பரிசோதனை ஏரியை 1973இல் ஒரு திரையால் இரண்டாகப் பிரித்து, இரு பாதிக்கும் காபனும் நைதரசனும் இட்டு, ஒன்றுக்கு மட்டும் பொசுபரசையும் சேர்த்தபோது, பொசுபரசு பெற்ற பாதி மட்டும் பச்சையானதை நீர் நன்கு அறிவீர். கனடாவும் அமெரிக்காவும் 1972இல் செய்துகொண்ட பேரேரிகள் உடன்படிக்கையின் பயனாகக் கழிவுநீர் நிலையங்களிலிருந்து வந்த பொசுபரசு குறைந்து ஈரி ஏரி தெளிந்தது. பிறகு வயல்களிலிருந்து கரைந்து வந்த பொசுபரசால் அல்கா திரும்பி வந்து, 2014 ஓகஸ்ட்டில் அதன் கரையிலுள்ள ரொலிடோ நகரத்தவர் குழாய் நீரைக் குடிக்க முடியாத நிலை உண்டானது. மாசு வரும் ஓர் ஊற்றை அடைத்து வென்ற பிறகும் மற்ற ஊற்று வேலையைக் கெடுக்கக்கூடும் என்பதால், எந்த ஊற்று எவ்வளவு தருகிறது என்ற கணக்கு இல்லாமல் திட்டம் வரைவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நன்னீர்க் குளத்தில் பெரும்பாலும் பொசுபரசும் கடல்நீரில் பெரும்பாலும் நைதரசனும் அல்காவுக்குக் கடிவாளமாக இருக்கும் என்பதையும், எங்கள் வாய்க்கால்கள் குளங்களைத் தாண்டிக் கடல்நீரேரியில் போய் விழுபவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே ஒன்றை மட்டும் குறைத்துவிட்டுத் திருப்தியடைய வழியில்லை. ஆழம் குறைந்த அந்த ஏரியில் நீர் கலங்கி அடியில் வெளிச்சம் விழாமல் போனால் சாதாளை எனும் கடற்புல் அழியும். அதற்குள் ஒதுங்கி வளரும் இறாலும் நண்டும் குறையும். குருநகரிலும் நாவாந்துறையிலும் அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள்தான் முதலில் நட்டப்படும்.

இனி, வெளிநாட்டு வழிகாட்டி நூல்களை அப்படியே இங்கே பிரயோகிக்க முடியாது என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கான காரணத்தைச் சொல்கிறேன். மழைநீரை வாய்க்காலில் ஓடவிடாமல் அங்கங்கே நிலத்துக்குள் இறக்கிவிடுவது, அதாவது மழைத் தோட்டங்களும் கல் நிரப்பிய உறிஞ்சுகுழிகளும் அமைப்பது, பல நாட்டு நகரங்களில் சிறந்த முறையாகக் கொள்ளப்படுகிறது. எங்கள் காலடியில் இருப்பது பொந்தும் வெடிப்பும் நிறைந்த சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் மழை நிலத்துக்குள் இறங்கித் தேங்கும் நீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். பொசுபரசின் சேர்வையான பொசுபேற்றைச் சுண்ணாம்பு ஓரளவு பற்றிக்கொள்ளும். நைதரசன் மாறி உண்டாகும் நைத்திரேற்றையோ எதுவும் தடுத்து வைப்பதில்லை, நீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். நகரத்தில் பெரும்பாலான வீடுகள் மலக்குழியையே நம்பியிருக்கின்றன. ஒரு மனிதனின் கழிவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோகிராம் நைதரசன் இருப்பதால், ஐந்து பேர் உள்ள வீட்டுக் குழிக்குள் ஆண்டுக்கு 20 கிலோகிராம் போகிறது. அதே வளவில் சில முழம் தள்ளிக் கிணறு இருக்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெங்காயமும் புகையிலையும் செய்யும் வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் இருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகவே எழுதி வருகிறார்கள். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கும் ஆபத்து உண்டு. வாய்க்கால் நீரைக் குளத்துக்குப் போகாமல் தடுத்து நிலத்துக்குள் இறக்கினால், குளத்தின் அழுக்கைக் கிணற்றுக்கு மாற்றியவர்களாவோம். இங்கே மேல்நீரும் கீழ்நீரும் ஒரே நீர் என்று உணர்ந்து திட்டமிடும் ஒருவரே எங்களுக்கு வேண்டும். அடியில் களிமண் இட்டு நீர் கசியாதபடி செய்த சிறு ஈரநிலம் ஒன்றில், ஒட்சிசன் குறைந்த சேற்றிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். அப்படியான வழிகள் எங்கள் மண்ணுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பரீட்சித்துச் சொல்ல அனுபவமுள்ள கை தேவை.

அடுத்தது அளவை. சென்ற கூட்டத்தில் ஒருவர், கோடையில் வாய்க்கால் நீரை ஒரு போத்தலில் பிடித்துப் பரிசோதித்தால் போதாதா என்று கேட்டார். கரும்பலகையில் ஓர் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டினேன். செக்கனுக்கு 1 லீற்றர் வீதம் ஓடும் கோடைக் கழிவுநீரில் லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைதரசன் இருந்தால், ஒரு நாளில் போவது ஏறத்தாழ 1.7 கிலோகிராம். அதே வாய்க்காலில் மாரி மழைக்குச் செக்கனுக்கு 500 லீற்றர் வீதம் 3 மணித்தியாலம் வெள்ளம் ஓடி, அதில் லீற்றருக்கு 3 மில்லிகிராம் மட்டுமே இருந்தாலும், போவது 16 கிலோகிராமுக்கு மேல். செறிவை மட்டும் பார்த்தால் நீர் சுத்தமாகத் தோன்றும். கொண்டுபோகும் சுமையோ ஒன்பது மடங்கு. ஆகவே ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை, மழை பெய்யும்போதே, இரவானாலும் ஆள் நின்று நீரோட்டத்தையும் செறிவையும் சேர்த்து அளக்க வேண்டும். மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் நைத்திரேற்றைப் பார்த்துவிட வேண்டும் என்பதால், 400 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்புக்கு ஒவ்வொன்றாக அனுப்புவதைவிட இங்குள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்வதே உசிதம். அடிச்சேற்றையும் மறக்கக்கூடாது, அங்கே ஒட்சிசன் அற்றுப்போகும்போது இரும்போடு பிணைந்து கிடந்த பொசுபேற்று திரும்பவும் நீரில் கரையும் என்பதால், எல்லா வாய்க்காலையும் மறித்த பின்னும் குளம் சில காலம் தன் பழைய கடனிலேயே பச்சையாக இருக்கக்கூடும்.

நாங்கள் தயாரிக்கும் பணி வரையறை ஆவணத்தின் உயிர்நாடி இவ்வளவுதான்: முதலில் ஒரு மாரி முழுவதும் அளந்து எந்த ஊற்றிலிருந்து எத்தனை கிலோகிராம் வருகிறது என்ற கணக்கைத் தர வேண்டும், அதன் பிறகே வரைபடம். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு கிலோகிராமைக் குறைக்க என்ன செலவாகும் என்றும், அதைப் பின்னர் யார் பராமரிப்பது என்றும் எழுத வேண்டும். மலக்குழிகளை ஒழுங்காகப் பவுசரில் இறைப்பித்து, இறைத்ததை முறையாகச் சுத்திகரிப்பது, குளத்துக்கு நடுவே நீரூற்று வைப்பதைவிட மலிவானதாகவும் பயனுள்ளதாகவும் தெரியவரலாம். அப்படியானால் அதையே ஆலோசகர் துணிந்து சொல்ல வேண்டும். இதற்காகத்தான், காற்றூட்டும் இயந்திரம் விற்கும் ஒரு நிறுவனம் திட்டத்தை இலவசமாகவே வரைந்து தருவதாகச் சொன்னதை நான் எதிர்த்தேன். விற்கும் பொருள் கையில் இருப்பவரிடம் நோய் என்னவென்று கேட்பது சரியல்ல என்று சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும், திட்டம் வரைபவரோ அவரைச் சார்ந்தோரோ பின்னர் வரும் வேலைகளை எடுக்கக்கூடாது என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டுவிட்டது. தொழினுட்ப முன்மொழிவையும் விலையையும் வெவ்வேறு உறைகளில் பெற்று, முதலாவதில் தேறியவர்களின் விலையை மட்டும் திறப்பதென்றும் முடிவாயிற்று. ஆலோசகரின் குழுவில் ஒரு நிலநீரியலாளர் கட்டாயம் இருக்க வேண்டும். வீடு வீடாகச் சென்று குழியின் ஆழத்தையும் கிணற்றின் தூரத்தையும் மரியாதையாகத் தமிழில் கேட்டறியக்கூடியவர்களும் இருக்க வேண்டும். அளவீடுகள் அனைத்தும் மூல வடிவிலேயே மாநகரசபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமாக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அவை இங்கேயே தங்கினால்தான், ஆலோசகர் போன பிறகும் எங்கள் பிள்ளைகள் அதே இடத்தில் அளந்து, குறைந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

இன்னும் தீர்வாகாத விடயம் ஒன்று இருக்கிறது. நைத்திரேற்று உரத்திலிருந்து வந்ததா மலக்குழியிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய நைதரசன் சமதானிப் பரிசோதனை, அதாவது நிறை வேறுபட்ட நைதரசன் அணுக்களின் விகிதத்தைப் பார்ப்பது, உதவும். ஆனால் செலவு கூடியது என்பதால் அதை ஆவணத்திலிருந்து எடுத்துவிடச் சிலர் சொல்கிறார்கள். தோட்டக்காரரும் நகரத்தாரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், தெரிந்தெடுத்த சில கிணறுகளிலாவது அதைச் செய்யாவிட்டால் பிறகு எந்த முடிவையும் இரு பக்கமும் ஏற்காது என்பது என் எண்ணம். ஆய்வுகூட வாழ்க்கையில் நீர் இதைக் கையாண்டிருக்கிறீர் அல்லவா? எத்தனை மாதிரிக்குக் குறைந்தால் அந்த முடிவில் நம்பிக்கை வைக்க முடியாது, மலக்குழியையும் மாட்டெருவையும் அது பிரித்துக் காட்டுமா என்று விளக்கமாக எழுதும். ஆவணத்தின் வரைவையும் இத்துடன் அனுப்புகிறேன். சிவப்புப் பேனாவால் தாராளமாகத் திருத்தி, தைப்பொங்கலுக்கு முன் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பிவிடும். அதன் பின்னரே ஆலோசகர்களிடம் கேள்விமனுக் கோருவதாக இருக்கிறோம்.

என்றும் உமது அன்பு நண்பன்