காமிராவைப் பார்க்குமுன் கீபோர்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் புது கைபேசி வாங்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காமிரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், விலை எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. அந்த போனில் தமிழ் எப்படி எழுதுவது என்று மட்டும் ஒரு வரி இல்லை. நான் ஒரு நாளில் எடுக்கும் போட்டோ ஒன்றோ இரண்டோ, அதுவும் பேத்தி அல்லது பூனை. எழுதுகிற செய்தியோ நாற்பது ஐம்பதுக்குக் குறையாது. என்னைப் போன்றவர்கள் போனை விரலால்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். முப்பது வருடம் அதுதான் பிழைப்பு. தட்டச்சு மெஷினில் 'கொ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்த வரிசையிலேயே கை போகும். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் நான் தப்பித்துக்கொண்டேன். என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ் எழுதும் மென்பொருளில் பழைய தட்டச்சு முறையும் உண்டு, அதைப் போட்டுக்கொண்டு ஓய்வு பெறும் வரை ஓட்டிவிட்டேன். மாட்டிக்கொண்டது முதல் டச் போன் வாங்கியபோதுதான். கை பழக்கத்தில் கொம்பை முதலில் தட்டினால், அந்தரத்தில் ஒரு புள்ளி வட்டமும் அதன் பக்கத்தில் கொம்பும் வந்து நிற்கும். பிறகு க தட்டினால் அது தனியாகப் போய் உட்காரும். போன் எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் மெய்யெழுத்து முதலில், கொம்பு பிறகு என்பதைத் தம்பி மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முப்பது வருடப் பழக்கத்தை விரலிடம் எப்படி விளக்குவது?

கடைசியில் தமிழ்99 என்ற கீபோர்டு முறைக்கு மாறினேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை. உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெழுத்து பெரும்பாலும் வலது பக்கம். க தட்டி ஒ தட்டினால் 'கொ'. கொம்பு, கால் பற்றிய கவலையே இல்லை. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு, முடிந்தது. 'கொக்கு'வுக்கு ஐந்து. இதை அமைத்தவர்கள் தமிழ் எழுத்தின் இலக்கணத்தை அறிந்து அமைத்திருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இரண்டு மாதத்தில் படிந்துவிட்டது.

சரி, இதற்கும் போனைத் தேர்ந்தெடுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆங்கிலக் கீபோர்டில் மேல் வரிசைக்குப் பத்து விசை. தமிழ்99இல் மேல் வரிசைக்குப் பன்னிரண்டு. ஆ, ஈ, ஊ, ஐ, ஏ, ள, ற, ன, ட, ண, ச, ஞ. திரை அகலம் 70 மில்லிமீட்டர் இருந்தால் ஆங்கிலத்துக்கு ஒரு விசை 7 மில்லிமீட்டர் கிடைக்கும், நமக்கு 6கூடத் தேறாது. ஒடுங்கிய போன் என்றால் இன்னும் மோசம். ன தட்டினால் ட, ட தட்டினால் ண. ஆகவே இந்த முறை கடைக்குப் போகும்போது தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கடைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும். எல்லோரும் திரையை மூலைக்கு மூலை அங்குலத்தில் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது குறுக்கே எத்தனை என்பதுதான். ஒரே அங்குலக் கணக்கு சொல்லும் இரண்டு போனில் ஒன்று நெட்டையும் ஒன்று அகலமுமாக இருக்கிறது. ஓரம் வளைந்த திரையை நான் தொடவே இல்லை, ஞவும் யவும் வளைவில் சறுக்கிப் போய்விடும். போனைப் படுக்க வைத்து எழுதலாமே என்றான் பையன். எழுதலாம். பாதித் திரையைக் கீபோர்டே சாப்பிட்டுவிடும், யாருக்குப் பதில் எழுதுகிறோம் என்பதே தெரியாது.

ஐபோனில் தமிழ்99, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக வரும் அஞ்சல் முறை இரண்டும் 2013 முதல் கூடவே வருகின்றன. ஆண்ட்ராய்டில் வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். நான் வைத்திருப்பது முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற கீபோர்டு செயலி. அது 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் பட்டன் போன் காலத்திலேயே வெளிவந்தது. வெளியிலிருந்து எந்தக் கீபோர்டை இறக்கினாலும், 'நீங்கள் தட்டுவதையெல்லாம் இது சேகரிக்கக்கூடும்' என்று போன் ஓர் எச்சரிக்கை காட்டும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். யார் செய்தது என்று பார்த்து இறக்கினால் போதும்.

என் தம்பி மகன் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிற கட்சி. அவனுக்கு எந்த போனும் சரி. ஆனால் பி, ஏ, எல், ஏ, எம் என்று அடித்துவிட்டு மேலே வருவதைப் பார்க்காமல் தொட்டுவிடுவான். 'வரும்போது பலம் வாங்கி வருகிறேன் அத்தை' என்று ஒரு செய்தி வந்தது. பழம்தான் வந்தது, ஆறு வாழைப்பழம். ந, ன, ண மூன்றுக்கும் ஓர் எழுத்தையே வைத்துப் பழகினால் நாளைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு அது வேறு இது வேறு என்பதே மறந்துபோகும் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் பேசியே எழுதுகிறவர். கூகுள் 2017இல் தமிழைச் சேர்த்ததிலிருந்து இவர் விசையைத் தொட்டதில்லை. நடுவில் என்னிடம் 'அந்த கேஸை அணை' என்று சொன்னதும் சேர்ந்து சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டது.

நான் உண்மையில் எழுத வந்தது அம்மாவைப் பற்றி. அம்மாவுக்கு எண்பத்து மூன்று. கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகும் தெளிவில்லை, டச் போன் பிடிபடவில்லை. வழவழப்பில் எது எங்கே என்று விரலுக்குத் தெரிவதில்லை. பட்டன் போனில் 5ஆம் எண்ணின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், அதைத் தடவிப் பார்த்தே மற்ற எண்ணையெல்லாம் கண்டுபிடித்துவிடுவார். அதிலேயே தமிழில் எழுதவும் பழகியிருந்தார். ஓர் எழுத்துக்கு மூன்று நாலு முறை அழுத்த வேண்டும், பொறுமைதான். ஓர் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் 'வணக்கம்' என்பதை நாம் ஐந்து எழுத்தாக எண்ணினால் அது புள்ளி இரண்டையும் தனியாக எண்ணி ஏழு என்று கழித்துக்கொள்ளும். அம்மா அதற்குள் ஊர்க் கதை முழுக்க அடக்கிவிடுவார். 'மழை. செங்கல் நனைஞ்சுது. நீ சாப்பிட்டியா' என்று.

அந்தப் பழைய போன் போன வருடம் போய்விட்டது. அதே மாதிரி புதிது கேட்டேன். 'எல்லா லாங்குவேஜும் வரும் மேடம்' என்று எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் தமிழ் வருகிறது, படிக்க மட்டும். எழுத ஆங்கிலம், இந்தி, அப்புறம் நமக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு மொழி. தம்பி மகன் தேடிப் பார்த்துச் சொன்னான். போன்களுக்காக 2016இல் வந்த இந்தியத் தரவிதி, ஐ.எஸ். 16333 மூன்றாம் பகுதி, கேட்டது அவ்வளவுதானாம். 22 இந்திய ஆட்சி மொழியையும் திரையில் படிக்க முடிய வேண்டும். எழுதுவதற்கு ஆங்கிலமும் இந்தியும் கூடவே இன்னொரு இந்திய மொழியும் இருந்தால் போதும். அந்த இன்னொன்று எது என்பது தயாரிக்கிறவர் விருப்பம். டச் போனில் இது ஒரு பிரச்சினையே இல்லை, இறக்கிக்கொள்ளலாம். பட்டன் போனில் கம்பெனி கொடுத்ததுதான். ஆக, வயதானவர்களும் பார்வை குறைந்தவர்களும் வாங்கும் போனில்தான் இந்த வம்பு வருகிறது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். திரையில் தமிழ் வந்தால் எழுதவும் வரும் என்றே நினைத்திருப்பார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா இப்போது செய்தி எழுதுவதில்லை. கூப்பிடுகிறார், நான் எடுக்காவிட்டால் விட்டுவிடுகிறார்.

அடுத்து இப்படி ஒரு கட்டுரை போடும்போது, ஒவ்வொரு போனுக்கும் விலைக்குப் பக்கத்தில் 'தமிழில் எழுத முடியுமா, எந்த முறையில்' என்று ஒரு கட்டம் சேருங்கள். முக்கியமாகப் பட்டன் போன்களுக்கு. கடையில் வாங்குகிறவர்களும் பெட்டியைப் பார்த்து நம்பாமல், அங்கேயே நின்று ஒரு வரி தமிழ் அடித்துப் பார்க்கட்டும். ஞ, ழ, கொ மூன்றும் வருகிற மாதிரி.

இந்தக் கடிதத்தையும் போனில்தான் எழுதினேன். ச இருக்க வேண்டிய இடத்தில் எங்காவது ஞ விழுந்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பேத்தி வாங்கிப் போட்ட உறை வலது பக்கம் கொஞ்சம் திரை மேல் ஏறி நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தட்டச்சர் ஒருவர்,
கும்பகோணம்.