‘லிபர்டஸ்’ வெறும் ‘சுதந்திர மனிதர்’ அல்ல

ஐயா,

ஞாயிறு இணைப்பில் வந்த ரோமாபுரிக் கட்டுரையில், ‘லிபர்டஸ்’ என்ற லத்தீன் சொல்லைச் ‘சுதந்திர மனிதர்’ என்று பெயர்த்திருந்தது உறுத்தியது. சுதந்திரர் என்பதற்கு ‘லிபர்’ என்ற சொல் தனியே உண்டு. அதிலிருந்து கிளைத்த ‘லிபர்டஸ்’, அடிமையாய் இருந்து விடுவிக்கப்பட்டவரை மட்டுமே குறிக்கும். அதிலும் ‘இன்னாருடைய’ லிபர்டஸ் என்றே சொல்வார்கள்! முறைப்படி விடுதலையானவர் குடியுரிமை பெற்றாலும், பழைய எஜமானருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் தொடர்ந்தன. அவருடைய குடும்பப் பெயரும் ஒட்டிக்கொண்டது. ரோமானியப் பேச்சாளர் மார்க்கஸ் டுல்லியஸ் சிசரோவின் எழுத்தர் டைரோ கி.மு. 53இல் விடுதலையானதும் மார்க்கஸ் டுல்லியஸ் டைரோ ஆனார். முதல் இரண்டும் சிசரோவின் பெயர்கள். கல்லறைக் கல்வெட்டுகளில்கூட, தந்தை பெயர் வரவேண்டிய இடத்தில் எஜமானர் பெயரின் முதலெழுத்தையும், லிபர்டஸைக் குறிக்கும் ‘எல்’ என்ற ஓரெழுத்தையும் வெட்டிவைத்தார்கள்.

தத்துவஞானி எபிக்டீட்டஸும் அடிமையாய் இருந்தவர்தான். அவர் பெயருக்குக் கிரேக்கத்தில் ‘கையகப்படுத்தப்பட்டவர்’ என்று பொருள். விடுதலைக்குப் பிறகும் அந்தப் பெயரிலேயே பாடம் நடத்தினார். ‘லிபர்டஸ்’ குடும்பத்துச் சொல்லான ‘லிபர்டினஸ்’ ஆங்கிலத்துக்குப் போய், ஒழுக்கம் கெட்டவனைக் குறிக்கும் ‘லிபர்டைன்’ ஆனது தனிக் கூத்து.

‘விடுவிக்கப்பட்டவர்’ என்றே எழுதியிருக்கலாம். நீளம்தான், ஆனால் யாரோ ஒருவர் விடுவித்தார் என்பது அதில் தெரிகிறது.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்